துயரத்தின் குடும்பப் பெயர்: பிரையன் சைக்ஸும் தாமஸ் ஹார்டியும்

ஆக்ஸ்போர்டு மரபணுவியலாளர் பிரையன் சைக்ஸ் 2003இல் எழுதிய 'ஆடம்ஸ் கர்ஸ்' புத்தகம் ஒரு சாதாரண விசாரிப்பிலிருந்து கிளம்புகிறது. கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தில் உரையாற்ற அவரை அழைக்கிறார்கள். அப்போது அதன் தலைவர் பெயர் சர் ரிச்சர்ட் சைக்ஸ். ரெண்டு பேரும் சொந்தமா? நம்ம ஊரில் ஒரே ஊர்க்காரர்கள் இருவர் சந்தித்தால் வரும் அதே கேள்விதான். நாம் என்றால் தாத்தா பெயர், தெருப்பெயர் என்று நூல் பிடித்துப் போவோம். சைக்ஸ் ரிச்சர்டின் டிஎன்ஏவைக் கேட்டு வாங்கினார். தன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

அதன்பின் யார்க்‌ஷர் பக்கத்து சைக்ஸ்களுக்கெல்லாம் கடிதம் போய், 48 ஆண்களின் மாதிரிகள் ஆய்வுக்கு வந்தன. 2000இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. குடும்பப் பெயரின் மூலத்தை டிஎன்ஏ கொண்டு தேடலாம் என்று உலகம் முழுக்க இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஆர்வத்துக்கும் வியாபாரத்துக்கும் அந்தக் கட்டுரை ஒரு தொடக்கப் புள்ளி. அந்த வியாபாரத்தில் 'ஆக்ஸ்போர்டு ஆன்செஸ்டர்ஸ்' என்ற நிறுவனத்தின் வழியாக சைக்ஸும் இருந்தார்.

புத்தகத்தை இப்போது திரும்ப வாசிக்கும்போது எனக்கு இன்னொரு புத்தகம் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. தாமஸ் ஹார்டியின் 'டெஸ் ஆஃப் த டர்பர்வில்ஸ்' (1891). ஒரு குடும்பப் பெயரின் வேரைத் தோண்டி எடுத்ததால் ஒரு பெண் அழிந்துபோன கதை. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அறிவியலாளருக்குக் கையில் கருவி இருந்தது, நாவலாசிரியருக்கு இல்லை. ஆனாலும் பெயருக்கும் ரத்தத்துக்கும் நடுவே என்னென்ன நடக்க முடியும் என்பது ஹார்டிக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

*

முதலில் முறையைப் பார்ப்போம். அது அழகானது.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. அதன் பெரும்பகுதி வேறு எதனோடும் கலக்காமல் அப்படியே இறங்குகிறது. அதில் சில இடங்களில் ஒரு சின்னத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்குப் பத்து முறை, இன்னொருவருக்குப் பன்னிரண்டு முறை. இந்த எண்ணிக்கை எப்போதாவதுதான் மாறும். நாலைந்து இடங்களில் எண்ணிக்கையை எழுதி வைத்தால் ஒரு எண்வரிசை கிடைக்கும், கிட்டத்தட்ட ஒரு போன் நம்பர் மாதிரி. சைக்ஸ் பார்த்தது நான்கே இடங்கள். இன்றைய சோதனைகள் இன்னும் எவ்வளவோ இடங்களைப் பார்க்கின்றன.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நார்மன் படையெடுப்புக்குப் பிறகான மூன்று நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாயின. அதுவும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதுதான். ஆக, காகிதத்தில் இறங்கும் பெயரும் உடலில் இறங்கும் ஒய்யும் ஒரே படிக்கட்டில் இறங்குகின்றன. இரண்டும் இன்னமும் சேர்ந்துதான் நடக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

'சைக்' என்றால் யார்க்‌ஷர் வழக்கில் சிற்றோடை. ஓடைக்கரையில் இருந்த எவன் வேண்டுமானாலும் சைக்ஸ் ஆகியிருக்கலாம். அதனால் இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கும் என்பது ஆவணங்களை வைத்துச் சொல்லப்பட்டது. ஆனால் 48 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஒரே எண்வரிசைக் குடும்பம். வேறு பெயர்க்காரர்களோடு ஒப்பிட்டபோது அவர்களிடம் அது கிடைக்கவில்லை. சைக்ஸின் முடிவு: எல்லா சைக்ஸ்களுக்கும் மூலவர் ஒருவரே. சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஓடைக்கரையில் இருந்தவர்.

இந்த இடத்தை சைக்ஸ் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு துப்பறியும் கதையின் வேகம் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு விவசாயியின் உடலிலிருந்து ஒரு சின்னத் துண்டு, கொள்ளைநோயையும் போர்களையும் தாண்டி, ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் உடல்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதை வாசித்து வியக்காதவர் வியப்பதற்கு வேறு எதைத் தேடுவாரோ தெரியவில்லை. அறிவியலை எளிமையாக எழுதுகிறேன் என்று வாசகனைக் குழந்தையாக்காதவர் சைக்ஸ். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டே மேலே போக வேண்டும்.

*

சரி, மிச்சப் பாதிப் பேர்?

அவர்களும் சைக்ஸ்தான். அவர்கள் அப்பா, தாத்தா எல்லாரும் சைக்ஸ்தான். ஆனால் எண்வரிசை வேறு. ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் வைத்தது. 700 வருடங்களில் அங்கங்கே பெயரும் ரத்தமும் பிரிந்திருக்கின்றன. அப்படியானால் ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 1.3 விழுக்காடு என்று கணக்கு வருகிறது. அந்தக் கட்டுரையில் இது ஒரு 'இருக்கலாம்'. கட்டுரையைத் தாண்டி வெளியே வந்ததும் அந்த 'இருக்கலாம்' உதிர்ந்துபோனது. சைக்ஸ் வீட்டு மனைவிகள் தலைமுறை தலைமுறையாக எவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் என்பதற்கான மதிப்பெண்ணாக அந்த எண் வாசிக்கப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரைக்கு மேல. பாஸ்!

இந்த எண்ணில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று அறிவியலுக்குள்ளேயே இருப்பது. இன்னொன்று மொழியில் இருப்பது.

முதல் சிக்கலை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்குகிறது. 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள், 1,600க்கும் மேற்பட்ட ஆண்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் எண்வரிசை ஒற்றுமை ஏதும் இல்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தால் ஊருக்கு ஒரு ஸ்மித் பிறப்பார், இதில் ஆச்சரியம் இல்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் ஒற்றுமை மிக அதிகம். ஆனால் அப்படி ஒற்றுமை இருப்பதாலேயே மூலவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் ஓடைக்கரைகளில் பத்து சைக்ஸ் குடும்பங்கள் இருந்திருக்கலாம். ஒன்பது வீடுகளில் பெண் குழந்தைகளே பிறந்திருக்கலாம், அல்லது பிள்ளைகள் கொள்ளைநோயில் போயிருக்கலாம். ஒரு வீட்டில் ஏழு மகன்கள் பிழைத்திருக்கலாம். பின்னால் வருபவனுக்கு அந்த ஒரு வீடுதான் மூலம் என்று தெரியும். அதேபோல, எண்வரிசை பொருந்தாத சிலர் மனைவி தவறியதால் வந்தவர்களே அல்ல, வேறொரு ஓடைக்கரைக்காரரின் நேர் வாரிசுகளாக இருக்கலாம். மூலவர் ஒருவரே என்ற அனுமானம் ஆடினால் அந்த 1.3உம் கூடவே ஆடும்.

இரண்டாவது சிக்கல்தான் ஓர் இலக்கிய வாசகனாக என்னை அதிகம் உறுத்துவது. பெயரும் ஒய்யும் பிரியும் இடத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம்? மேலே சொன்ன 2009 ஆய்வின் தலைப்பிலேயே 'விசுவாசமின்மை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருக்கிறது. துறைக்குள் இருப்பவர்களுக்கு அது தத்து, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. வெளியே இருக்கும் நமக்கு அது ஒரே ஒரு படம்தான்: கணவனை ஏமாற்றிய மனைவி.

ஒரு உதாரணம். ஜேன் ஆஸ்டனின் அண்ணன் எட்வர்டை, பிள்ளையில்லாத பணக்கார உறவினர்களான நைட் தம்பதி வாரிசாக எடுத்துக்கொண்டார்கள். சொத்தோடு பெயரும் வந்தது. 1812இல் எட்வர்ட் ஆஸ்டன் எட்வர்ட் நைட் ஆனார். அவருடைய பிள்ளைகளும் நைட் ஆனார்கள். அந்த வழியில் இன்று ஒரு நைட் சோதனைக் குழாயில் எச்சில் துப்பினால் என்ன வரும்? ஆஸ்டன் வீட்டு எண்வரிசை. எந்தப் பெண்ணும் எங்கேயும் போகவில்லை. ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் குலத்தலைவரின் நிலத்தை உழுதவர்கள் அவருடைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். மறுமணம் செய்தவள் கூட்டி வந்த பிள்ளை புதுத் தகப்பன் பெயரில் வளர்ந்தான். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த மகன் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். ஆய்வகத்தில் இவை எல்லாமே ஒன்றுதான். எண் பொருந்தவில்லை.

*

இனி ஹார்டி.

நாவலின் முதல் அத்தியாயத்தில் ஜான் டர்பிஃபீல்ட் என்ற சில்லறை வியாபாரி வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறார். எதிரே வரும் பாதிரியார் டிரிங்ஹாம் பழங்காலக் குடும்பங்களின் வரலாறு தேடுகிற பொழுதுபோக்குக்காரர். அவர் ஜானை 'சர்' போட்டுக் கூப்பிடுகிறார். டர்பிஃபீல்ட் என்பது தேய்ந்துபோன டர்பர்வில். உன் முன்னோர்கள் நார்மண்டியிலிருந்து வந்த வீரர்கள் என்கிறார். ஜானின் மூக்கையும் முகவாயையும் பார்த்துச் சரிபார்த்தும் கொள்கிறார். அந்தக் காலத்து டிஎன்ஏ சோதனை! இப்போ நான் என்ன செய்யணும் என்று ஜான் கேட்டால் பாதிரியாரிடம் பதில் இல்லை. தகவல் சொன்னதோடு அவர் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தத் தகவலின் விளைவு. பெருமையில் ஜான் குடிக்கிறார். விடியும் முன் சந்தைக்கு வண்டி ஓட்ட அவரால் முடியவில்லை, மகள் டெஸ் ஓட்டுகிறாள். வழியில் குதிரை செத்துப்போகிறது. குடும்பத்தின் பிழைப்பே அந்தக் குதிரைதான். பணக்கார 'சொந்தக்காரர்கள்' வீட்டுக்கு டெஸ்ஸை அனுப்புகிறார்கள். அங்கே அலெக் இருக்கிறான்.

ஆனால் அலெக் டர்பர்வில்லே அல்ல. அவனுடைய அப்பா சைமன் ஸ்டோக் வடக்கே பணம் சேர்த்த வியாபாரி. தெற்கே வந்து பெரிய மனிதராக வாழ ஒரு நல்ல பெயர் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, அழிந்துபோன குடும்பங்களைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டி, காதுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ரத்தம் இருக்கிற குடும்பத்திடம் பெயர் தேய்ந்து கிடக்கிறது. பெயர் இருக்கிற குடும்பத்திடம் ரத்தம் இல்லை.

அலெக் டெஸ்ஸிடம் நடந்துகொள்வதை வல்லுறவு என்றே நான் வாசிக்கிறேன். அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறக்கிறது. பாதிரியாரை வீட்டுக்குள் விட அப்பா மறுக்கிறார். ஞானஸ்நானம் இல்லாமல் குழந்தை சாகக் கூடாதென்று, நள்ளிரவில் தம்பி தங்கைகளை மண்டியிட வைத்து, டெஸ் தானே தண்ணீர் தெளித்துப் பெயரிடுகிறாள். 'சாரோ'. துயரம். விடிவதற்குள் அவன் இறந்துவிடுகிறான். கல்லறைத் தோட்டத்தில் குடிகாரர்களையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் போடும் மூலையில் புதைக்கிறார்கள்.

சாரோவுக்கு என்ன குடும்பப் பெயர்?

அவன் பிழைத்திருந்தால் அம்மா பெயரில் டர்பிஃபீல்டாக வளர்ந்திருப்பான். அவனுடைய பேரன் பேத்திகள் டர்பிஃபீல்டுகள். இன்று அந்தப் பெயருக்கு ஒரு ஆய்வு நடந்தால் அவன் வழிவந்த ஆண்களின் எண்வரிசை மற்ற டர்பிஃபீல்டுகளோடு பொருந்தாது. அது ஸ்டோக்கின் எண்வரிசையாக இருக்கும். அதே ஆய்வில், அலெக் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றிருந்தால் அந்த டர்பர்வில்களும் பொருந்த மாட்டார்கள். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தலைப்பின் கீழ். ஒருவர் பெயரை விலையில்லாமல் எடுத்துக்கொண்டவர். இன்னொருவர் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட வன்முறையில் பிறந்தவர். அந்தத் தலைப்பில் 'விசுவாசமின்மை' என்று எழுதியிருந்தால் யாருடைய விசுவாசம், யாருக்கு? டெஸ் யாரை ஏமாற்றினாள்?

ஹார்டி இன்னொன்றும் செய்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு டெஸ்ஸும் ஏஞ்சலும் தங்கும் பழைய வீட்டில், சுவரோடு பதித்த இரண்டு டர்பர்வில் பெண்களின் ஓவியங்கள் இருக்கின்றன. பார்க்கவே பயமாக இருக்கும் அந்த முகங்களில் டெஸ்ஸின் சாயல் தெரிகிறது. அவள் தன் கடந்த காலத்தைச் சொன்ன இரவில், அவள் அறைக் கதவுவரை வந்த ஏஞ்சல் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அவளுடைய பலவீனத்துக்கு அவளுடைய பழைய வம்சம்தான் காரணம் என்கிறான். பரம்பரை என்பது ஒரு தகவலாக இருந்தவரை பாதிரியாருக்குப் பொழுதுபோக்கு. அது தீர்ப்பாக மாறியபோது விழுந்த இடம் டெஸ்ஸின் தலை. இத்தனைக்கும் டர்பர்வில் ஒய் அவளிடம் கிடையாது. சைக்ஸின் முறையில் சோதித்தால் டெஸ் இருந்ததற்கே தடயம் இல்லை.

*

'ஆடம்ஸ் கர்ஸ்' மீதான என் முக்கியப் புகார் இதுதான். சைக்ஸ் ஒய் குரோமோசோமை ஒரு கதாபாத்திரமாக ஆக்குகிறார். அது பரவத் துடிக்கிறது, நிலம் பிடிக்கிறது, செங்கிஸ்கான் வடிவில் படையெடுக்கிறது, மெக்டொனால்ட் குலத்தலைவர்களின் உடலில் ஏறி ஸ்காட்லாந்தில் பரவுகிறது. கடைசியில் அது சிதைந்து, 1,25,000 வருடங்களில் ஆண் இனமே இல்லாமல் போகும் என்று ஆரூடமும் சொல்கிறார். வாசிக்க விறுவிறுப்புதான். ஆனால் ஒரு குரோமோசோமுக்கு ஆசையைக் கொடுத்துவிட்டால், மனிதர்களிடமிருந்து பொறுப்பை எடுத்துவிடலாம். அலெக் செய்ததை அவனுடைய ஒய் செய்ததாகச் சொல்லிவிடலாம். ஹார்டியும் விதி விதி என்று சொல்பவர்தான். ஆனால் அவருடைய விதிக்குள் குதிரை யாருடையது, நிலம் யாருடையது, கதவைச் சாத்தியது யார் என்ற கணக்குகள் துல்லியமாக இருக்கின்றன.

சைக்ஸுக்குத் தாய்வழி தெரியாது என்றில்லை. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து 'த செவன் டாட்டர்ஸ் ஆஃப் ஈவ்' என்று 2001இல் எழுதியவரே அவர்தான். ஆனால் அந்தத் தாய்வழிக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணத்தோடு பெயர் மாறிவிடும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அம்மாக்களைச் சென்றடைய வழியே இல்லை.

மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. அது ரிச்சர்டா என்று பார்க்க இரண்டு வழிகளிலும் போனார்கள். 2014இல் வந்த ஆய்வை வழிநடத்தியவர் மேலே சொன்ன டூரி கிங். ரிச்சர்டின் அக்கா ஆன் வழியாக, மகளுக்கு மகள் என்று பெயர் மாறி மாறி வந்த தாய்வழி வாரிசுகளின் டிஎன்ஏ பொருந்தியது. அரண்மனை ஆவணங்களும் பட்டங்களும் கட்டிக்காத்த தந்தைவழி பொருந்தவில்லை. சோதித்த ஐந்து ஆண்களில் ஒருவர் மற்ற நால்வரோடும்கூடப் பொருந்தவில்லை. அடையாளம் காட்டியது, யாரும் பெயர் வைத்துக் காக்காத நூல். உடனே பத்திரிகைகள் கேட்டது என்ன? எந்த ராணி தவறினாள், அப்படியானால் சிம்மாசனம் செல்லுமா என்றுதான்.

இந்தத் துறையை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அது சில பெருமைகளை உடைக்கவும் செய்திருக்கிறது. 2007இல் வந்த ஒரு ஆய்வில், யார்க்‌ஷரின் ஓர் அரிய குடும்பப் பெயர் கொண்ட 18 ஆண்களில் ஏழு பேரிடம் ஆப்பிரிக்காவுக்கு வெளியே காணவே அரிதான ஒய் வகை இருந்தது. தங்களை அசல் யார்க்‌ஷர்காரர்கள் என்று நினைத்திருந்தவர்கள். எப்போதோ ஒரு ஆப்பிரிக்கர் அந்த மண்ணில் வாழ்ந்து பிள்ளை பெற்றிருக்கிறார். அமெரிக்காவில் 1998இல் வந்த சோதனை இன்னும் பெரியது. தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டன், பிற்காலத்தில் ஜெஃபர்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டவர். அவர் வழிவந்த ஆணின் ஒய், ஜெஃபர்சன் குடும்பத்தோடு பொருந்தியது. ஒரு ஒய் பொருத்தம் குடும்பத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஆவணங்களும் சேர்ந்தே அது தாமஸ்தான் என்பதை வலுவாக்கின. ஆனால் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒரு வாய்மொழிக் கதைக்கு அந்தச் சோதனை முதுகெலும்பு கொடுத்தது. சைமன் ஸ்டோக்கும் பெயர் எடுத்துக்கொண்டார், எஸ்டனும் எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றா? வித்தியாசம் எண்ணில் இல்லை, கதையில் இருக்கிறது.

*

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த அர்த்தத்தில் சர்நேமே கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தால் அப்பா பெயரை எழுதிவிட்டு, வெளிநாட்டில் எல்லாரும் நம்மை அப்பா பெயரில் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். நம் பெயர்கள் ஒரு தலைமுறைதான் ஓடும். தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைத்ததால்தான் அவன் பெயரன், பேரன். சைக்ஸின் முறை நம்மிடம் வந்தால் பிடித்துக்கொள்ள நூல் இல்லாமல் திரும்பிப் போகும்.

ஆனால் அந்த ஒற்றை எழுத்து இனிஷியலுக்குள் நாமும் அதே பாரத்தைத்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். 'இனிஷியல் இல்லாதவன்' என்பது நம் மொழியில் வசை. நம்ம சினிமாவில் அந்த வசனத்தைக் கேட்டு எத்தனை கதாநாயகர்கள் கொதித்திருக்கிறார்கள்! யாருடைய தப்புக்கு யார் தலைகுனிய வேண்டும் என்று அந்தக் காட்சிகளில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அப்பன் பெயர் தெரிந்ததும் படம் சுபம். சாரோவை எந்த மூலையில் புதைப்பது என்று நமக்கும் நன்றாகத் தெரியும்.

எச்சில் துப்பி முன்னோரைத் தேடுவதில் தவறில்லை. 'ஆடம்ஸ் கர்ஸ்' இன்றும் வாசிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் அதைத் தனியாக வாசிக்காதீர்கள், பக்கத்தில் 'டெஸ்'ஸை வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் ரத்தமும் எங்கே பிரிந்தன என்று முதல் புத்தகம் தோராயமாகச் சொல்லிவிடும். அந்த இடத்தில் ஒரு பத்திரம் இருந்ததா, பசி இருந்ததா, காதல் இருந்ததா, வன்முறை இருந்ததா என்று கேட்க இரண்டாவது புத்தகம்தான் கற்றுத் தரும். அதைக் கேட்காமல் அந்த இடத்துக்கு ஒரு பெண்ணின் மேல் பழிபோடும் சொல்லை எழுதி ஒட்டினால், பாதிரியார் டிரிங்ஹாம் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்: தகவலைச் சொல்லிவிட்டு, குதிரையைத் தட்டிவிட்டு, நம் வழியில் போய்விடுகிறோம்.